மறு: பிசியோனோட்ரேஸுக்கு (பக்கவாட்டு முகத்தின் விளிம்பை வரைய உதவிய பழைய கருவி) தமிழ்ச்சொல்: ‘முகவரைவி’ சரிவருமா?

> நிலநடுக்க வரைவி இருக்கிறதே, ‘முகவரைவி’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, நிலநடுக்க வரைவியில் முள் தானே ஓடிக் கோடு போடுகிறது. இது அப்படியல்ல. 1786இல் பிரான்சில் கிரெத்தியன் செய்தது ஆளுயர மரச்சட்டம். எதிரே ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். வரைபவர் ஒரு பார்வைத்துளை வழியே நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் என்று விளிம்பைத் தொடர்வார். துளையோடு இணைகரச் சட்டத்தால் பிணைத்த பென்சில் அதே விளிம்பைத் தாளில் முழு அளவில் இழுக்கும். கண், காது, தலைமயிர் எல்லாம் பிறகு கையால் எழுதுபவை.

ஆகவே ‘பக்கமுக வரைசட்டம்’ என்கிறேன். எழுதுகோலால் எழுதுவது நாம்தானே, அதுபோல. (சட்டம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வந்தால் வரட்டும், படச்சட்டமும் சட்டம்தான்.)

முகவரைவியில் இன்னொரு சிக்கல்: ‘முகவரைவிப் படம்’ என்றால் எந்தப் படம்? அமெரிக்காவில் இந்தக் கருவியால் படம் வரைந்த பிரெஞ்சு ஓவியர் செயின்ட்-மெமின் ஆண்களிடம் 25 டாலரும் பெண்களிடம் 35 டாலரும் வாங்கிக்கொண்டு கொடுத்தவை மூன்று: இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளில் கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கோலால் எழுதிய பெரிய படம், செப்புத்தகடு, அதிலிருந்து எடுத்த 12 அச்சுப் படிகள். 1804இல் ஜெபர்சன் பெரிய படம், தகடு, 48 படிகளுக்குக் கொடுத்தது 29.50 டாலர். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

---

> எழுதுகோலால் எழுதுவது நாம்தானே

தொலைநோக்கியும் தானே நோக்குவதில்லையே! அந்த வாதம் நிற்காது. ஆனால் ‘வரை’ பொருந்தாததற்கு வேறு காரணம் உண்டு. பிலடெல்பியாவில் பீல் அருங்காட்சியகத்தில் 1802 முதல் இருந்த ஹாக்கின்ஸ் கருவிக்கும் இதே பெயர். அதில் பார்வைத்துளை கிடையாது. பித்தளைக் கம்பி முகத்தையே தொட்டு ஓடும். மறுமுனையிலுள்ள எஃகு முனை கோடு இழுக்காது, மடித்த தாளில் தடம் அழுத்தும். அந்தத் தடத்தின்மேல் அங்கு வேலை செய்த மோசஸ் வில்லியம்ஸ் கத்தரித்து முகத்தை வெட்டியெடுத்துவிட, ஓட்டை விழுந்த தாள்தான் படம்; கறுப்புத் தாளை அடியில் வைத்தால் நிழலுரு. செப்புத்தகட்டுக்கு வேலையே இல்லை. இரண்டுக்கும் பொது, தடம் பிடிப்பது. ‘முகத்தடச் சட்டம்’ எப்படி?

முன்பு ஒருவர் சொன்ன ‘சாமுத்திரிகக் கருவி’ வேண்டவே வேண்டாம். சாமுத்திரிகம் என்றால் முகம், உடல் பார்த்துப் பலன் சொல்வது. பெயரின் முற்பாதி (‘பிசியோனோ’) அந்தப் பக்கம் இழுத்தாலும், கருவி யாருக்கும் பலன் சொல்வதில்லை.

---

முகத்தடச் சட்டத்துக்கு என் வாக்கு. இனி, செயின்ட்-மெமினின் அச்சுப் படிக்கு முன்பு சொல்லப்பட்ட பெயருக்கு வருகிறேன்.

> ‘பக்கமுகச் செதுக்கோவியம்’

செதுக்கல் அதில் ஒரு பங்குதான். அரை மீட்டர் உயரப் படத்தைச் சுருக்குவரைவியால் (படத்தைச் சிறிதாக்கிப் பெயர்த்து வரையும் இணைகரச் சட்டம்) ஐந்தரை செ.மீ. வட்டத்துக்குள் இறக்குகிறார்கள். விளிம்பை அமிலம் அரிக்கிறது. மயிருக்கும் துணிக்கும் செதுக்குளி, கன்னத்து நிழலுக்குப் பல்லுருளை (ரூலெட், பற்கள் கொண்ட சிறு உருளைக் கருவி). பல்லுருளையைத் தகட்டில் நேரே ஓட்டினால் பிசிறு எழும்பி, முதல் சில படிகளில் மை கூடுதலாகப் பிடிக்கும். பிசிறு தேயத் தேய நிழல் வெளுக்கும்.

இறக்கும்போது நடக்கும் பிழையும் கவனிக்க வேண்டியது. உட்கார்ந்தவர் அசைந்து மூக்குக் கோடு 2 மி.மீ. விலகினால், சுருங்கியபின் அது கால் மி.மீ.கூட இருக்காது. சுருக்குவரைவியின் முனைப்பக்க மூட்டு தளர்ந்திருந்தாலோ, அந்த ஆட்டம் சுருங்காமல் அப்படியே தகட்டில் ஏறி, உதடு நடுங்கினாற்போல் வந்துவிடும்.

செப்பேடு என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது, ‘பக்கமுகச் செப்பச்சு’ போதும். அமிலம், உளி, பல்லுருளை மூன்றையும் அது தாங்கும். பெரிய படத்துக்கு ‘முழுவளவுப் பக்கமுகம்’. பல்லுருளைக்கு இன்னும் நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்; பற்சக்கரம் வேண்டாம், கடிகாரத்துக்குள் போய்விடும்.