மடக்குக்குழல்: 'பிரேக் பேரல்' துப்பாக்கிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சுருள்வில் காற்றுத்துப்பாக்கி வாங்குவோருக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், குழலையே கீலில் மடக்கிக் குண்டு போடும் 'பிரேக் பேரல்' வகைக்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன் என்று கேட்டிருந்தேன். உடைகுழல், முறிகுழல், மடிகுழல், கீல்குழல் என்று நான்கு சொற்கள் வந்தன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஐந்தாவதாக ஒன்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

குழலில் சிக்கல் இல்லை. இரட்டைக் குழல் துப்பாக்கி என்று ஊரே சொல்கிறது. சிக்கல் முன்பாதியில்தான்.

உடைகுழல் வேண்டாம். 'உடைகுழல் விற்பனைக்கு' என்று ஒரு கடைக்காரர் எழுதினால் பழுதான சரக்கு என்றுதான் படிப்பவர் நினைப்பார். முறிகுழலுக்காகப் பேசிய ஐயா சோம்பல் முறிப்பதையும் நெட்டி முறிப்பதையும் எடுத்துக்காட்டினார். நல்ல சான்றுகள். முறித்தால் எப்போதும் துண்டாகிவிடாது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு கருவியோடு சேரும்போது அச்சு முறிந்தது, கொம்பு முறிந்தது என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது. மடிகுழல் இனிய வினைத்தொகை. நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். மடிக்கணினி வந்த பிறகு மடி என்றதும் உட்காரும் மடிதான் நினைவுக்கு வருகிறது. ஒற்று மிகுவதை வைத்து இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம் என்பது இலக்கணம் அறிந்தவருக்குச் சரி, அவசரமாகப் படிப்பவருக்கு உதவாது. கீல்குழலில் கீல் தெரிகிறது, செயல் தெரியவில்லை.

செயலைப் பார்க்க மெரினாவுக்குப் போனால் போதும். பலூன் சுடும் கடையில் இருப்பவர் துப்பாக்கியை இடுப்போடு அணைத்து, குழலின் நுனியைப் பிடித்துக் கீழே மடக்குவார். உள்ளே 'க்ளிக்' என்று ஒன்று மாட்டும். திறந்திருக்கும் குழலின் பின்வாயில் கட்டைவிரலால் ஈயக் குண்டை அழுத்திவிட்டு, குழலை நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். மடக்கு, நிமிர்த்து: இந்த இரண்டு சொற்களிலேயே முழு வேலையும் அடங்கிவிடுகிறது. மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் என்று புழங்கும் நமக்கு மடக்குக்குழலை விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். இந்த வகையில் குழலேதான் நெம்புகோல். அதை மடக்கும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் பின்னால் போய், சுருள்வில்லை இறுக்கிக்கொண்டு மாட்டி நிற்கிறது. விசையைத் தட்டியதும் வில் பிஸ்டனை முன்னால் தள்ளும். அதன் முன்னால் அடைபட்ட காற்று அழுந்தி, சிறு துளை வழியாகக் குண்டின் பின்புறம் பாயும். குழலை மடக்குவதால் இந்த வேலை நடப்பதை 'மடக்கு' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. வாங்குபவர் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. குழலைப் பாதி மடக்கி இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். பார்வைத் தொலைநோக்கி உடலின் மேல் இருக்கிறது, குழலோ ஒவ்வொரு குண்டுக்கும் மடங்கி நிமிர்கிறது. நிமிர்ந்த குழல் பத்தில் ஒரு பாகை விலகி நின்றாலும் 10 மீட்டரில் குண்டு 17 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கீலில் இறுக்கக்கூடிய திருகாணி இருப்பது நல்லது; வெறும் ஆணி தேய்ந்தால் இறுக்க வழியில்லை. ஜெர்மனியின் வைரௌக் நிறுவனத்து எச்டபிள்யூ 35இல் குழலைப் பூட்ட தனித் தாழ்ப்பாளே உண்டு. கட்டைவிரலால் அதைத் தள்ளினால்தான் குழல் மடங்கும்.

வேகத்தைப் பார்த்து வாங்குவோர் நிறையப் பேர். வேகம் மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்று கையேட்டில் அழுத்தமாகவே எழுதப்போகிறேன். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வாங்கும் காற்றுத்துப்பாக்கிக்கு வரம்பு 7.5 ஜூல். ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை இருந்தால் அந்த வகை. 0.53 கிராம் குண்டுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 168 மீட்டர் வேகம். அட்டையில் துளை போட அதுவே தாராளம். அதற்கு மேல் போகப் போக வில் வலுக்கும், மடக்கக் கை வலிக்கும், துப்பாக்கியும் அதிகமாகத் துள்ளும்.

அப்புறம், 'மடக்குக்குழல் சுருள்வில் காற்றுத்துப்பாக்கி' நீளம் என்று ஒருவர் வருந்தியிருந்தார். சுருக்கி ஒரே சொல்லாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மடக்குக்குழல் என்பது எப்படி இறுக்குகிறோம் என்பதைச் சொல்கிறது, சுருள்வில் என்பது வலு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டும் தனித்தனி. மடக்குக்குழலிலேயே சுருள்வில்லுக்குப் பதில் அடைத்த வாயுவால் இயங்குபவை வந்துவிட்டன. அவற்றை வளிவில் எனலாம். எச்டபிள்யூ 77இல் சுருள்வில் உண்டு, ஆனால் குழல் அசையாது. அடியில் இருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். அதற்கு நிலைக்குழல் என்ற பெயர் தானாகவே அமைகிறது. 'வில்துப்பாக்கி' என்று சுருக்கினால் அம்பு எய்யும் கருவி என்று நினைத்துவிடுவார்கள்.

குண்டுக்கு ஒரு சொல்லும் கையோடு சேர்க்கிறேன். இடுப்பு ஒடுங்கி இரு முனையும் விரிந்த அந்த ஈயக் குண்டை உடுக்கைக்குண்டு என்று எழுதினால் படமே தேவைப்படாது.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. இந்தத் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது முன்னால் குதிக்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்த தொலைநோக்கிகள் இந்த இரண்டாவது உதையில்தான் கெடுகின்றன. 'முன்னுதைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். முதலில் வரும் உதைப்பு என்றும் பொருள் படுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.