இசட்80 வென்ற பிறகும் ஸைலாக் ஏன் வளரவில்லை?

கேள்வி

நுண்செயலிகளின் வரலாற்றைப் படித்துவருகையில் ஒரு முரண் எனக்கு விளங்கவே இல்லை. இன்டெலில் 4004, 8080 ஆகிய நுண்செயலிகளை உருவாக்கிய குழுக்களை வழிநடத்திய ஃபெடெரிகோ ஃபஜின், 1974ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்து விலகி, ரால்ஃப் உங்கர்மனுடன் சேர்ந்து ஸைலாக்கைத் தொடங்கினார். 8080இல் அவரோடு பணியாற்றிய மசதோஷி ஷிமாவும் பின்னர் வந்து சேர்ந்துகொண்டார். 1976இல் வெளிவந்த ஸைலாக்கின் 8 பிட் நுண்செயலியான இசட்80, டிஆர்எஸ்-80, ஸ்பெக்ட்ரம், எம்எஸ்எக்ஸ் கணினிகள், பாக்-மேன் விளையாட்டு இயந்திரம் என எங்கும் புகுந்தது. இத்தனை பரவிய சில்லைக் கையில் வைத்திருந்த நிறுவனம், அடுத்த பத்தாண்டில் இன்டெலுக்கும் மோட்டோரோலாவுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தொழில்நுட்பமா, வணிகமா? இசட்80இல் அப்படி என்ன சிறப்பு இருந்தது என்பதையும் சுற்று அமைப்பவரின் கோணத்தில் யாரேனும் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். 8080ஐ இயக்க +5, −5, +12 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்களும், செயலியின் வேலைகளைத் தாளம் பிசகாமல் நடத்தும் இரு கட்டக் கடிகாரத் துடிப்பை உண்டாக்கித் தரத் தனிச் சில்லும் வேண்டியிருந்தன. இசட்80க்கோ ஒரே 5 வோல்ட்டும் ஒற்றைக் கட்டத் துடிப்பும் போதும். பலகையில் இடமும் செலவும் அங்கேயே குறைந்துவிட்டன.

ஆனால் என்னை இன்றும் வியக்கவைப்பது, டைனமிக் ராமைப் புதுப்பிக்கும் வேலையைச் செயலியே ஏற்றுக்கொண்ட விதம்தான். அந்நினைவகத்தின் ஒவ்வொரு வரிசையையும் சில மில்லி நொடிகளுக்குள் தொட்டுவிடாவிட்டால் அதில் உள்ள தரவு கரைந்துபோகும். அதற்கென்று தனிச் சுற்று அமைப்பதே அன்றைய வழக்கம். இசட்80 ஒரு கட்டளையை நினைவகத்திலிருந்து எடுக்கும்போது முதல் இரண்டு துடிப்புகளில் அதைப் பெற்றுவிடுகிறது. அடுத்த இரண்டு துடிப்புகளில் அது உள்ளே அக்கட்டளையைப் பிரித்தறிந்துகொண்டிருக்க, வெளியே சும்மா கிடக்கும் முகவரிக் கம்பிகளில் ஆர் என்னும் பதிவகத்தின் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) மதிப்பை வைத்து ஒரு வரிசையைப் புதுப்பித்துவிடுகிறது. நிரலின் வேகம் இதனால் சிறிதும் குறைவதில்லை. ஆர் பதிவகத்தில் 7 பிட்டுகளே கூடிக்கொண்டு போவதால் 128 வரிசைகள் கிடைக்கும். அக்காலத்து 16 கிலோபிட் ராமுக்கு அது சரியாகப் பொருந்தியது.

8080க்காக எழுதப்பட்ட நிரல்கள் ஏறத்தாழ மாற்றமின்றி இதில் ஓடியதால், சிபி/எம் இயங்குதளமும் அதன் மென்பொருள்களும் முதல் நாளிலிருந்தே துணைக்கு நின்றன. ஐஎக்ஸ், ஐஒய் என்னும் சுட்டுப் பதிவகங்களையும், இரட்டைப் பதிவகத் தொகுதியையும் பலர் பெரிதாகப் புகழ்வர். என் பார்வையில் அவை கூடுதல் வசதிகளே, வெற்றிக்கு அடிப்படை மேற்சொன்னவைதாம்.

மறுமொழி 2

முதல் மறுமொழி எழுதிய நண்பர் சொன்ன, பழைய நிரல்கள் அப்படியே ஓடும் அந்தப் பொருத்தப்பாடே உங்கள் முதல் கேள்விக்கும் விடை. எதனால் இசட்80 வென்றதோ, அதையே ஸைலாக் 1979இல் வெளியிட்ட 16 பிட் இசட்8000இல் கைவிட்டது. ஏறத்தாழ 17,500 டிரான்சிஸ்டர்களில், நுண்நிரல் (கட்டளைகளை நிறைவேற்றச் சில்லுக்குள்ளேயே பதித்துவைக்கும் சிறு நிரல்) இல்லாமல் நேரடித் தருக்கச் சுற்றுகளாகவே அமைக்கப்பட்ட அழகான வடிவமைப்பு அது. இன்டெல் 8086க்கோ சுமார் 29,000 தேவைப்பட்டன. ஆயினும் இசட்80க்கான நிரல்கள் இசட்8000இல் ஓடா. 8086உம் 8080 நிரல்களை அப்படியே ஓட்டவில்லை என்றாலும், அசெம்பிளி மொழியில் (செயலியின் கட்டளைகளைச் சொற்குறியீடுகளாக எழுதும் மொழி) இருந்தவற்றை இயந்திர முறையில் மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தது. ஓராண்டு முந்திக்கொண்டதும் இன்டெலுக்குக் கைகொடுத்தது. ஆலிவெட்டி எம்20 போன்ற சில இயந்திரங்களோடு இசட்8000இன் கணினிப் பயணம் பெரும்பாலும் நின்றுபோனது.

இன்னொன்று பணம் போட்டவரைப் பற்றியது. ஸைலாக்கின் முதலீட்டாளர் எக்ஸான் எண்ணெய் நிறுவனம். அது அலுவலகக் கருவிகள் விற்பனையில் இறங்கி ஐபிஎம்முக்குப் போட்டியாக நிற்க முயன்றது. தன் போட்டியாளரின் பிடியில் உள்ள நிறுவனத்திடம் ஐபிஎம் செயலி வாங்குவது எளிதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. ஐபிஎம் 1981இல் வெளியிட்ட தனிக்கணினியில் இன்டெலின் 8088 அமர்ந்தது. அதற்கு முன்பே, 1980இல் ஃபஜின் ஸைலாக்கை விட்டு வெளியேறியிருந்தார்.

இசட்80 விற்பனை முழுவதும் ஸைலாக்குக்கு வரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாஸ்டெக் போன்றவை உரிமம் பெற்றுச் செய்தன. என்இசியும் கிழக்கு ஜெர்மனியும் உரிமமின்றியே நகலெடுத்தன. நகலெடுப்போரைக் குழப்புவதற்காகவே, வெளித்தோற்றத்தில் சாதாரண டிரான்சிஸ்டராகத் தெரிந்து உண்மையில் வேறு விதமாக இயங்கும் சிலவற்றை ஷிமா ஆங்காங்கே ஒளித்துவைத்தார். தாமதப்படுத்த உதவியதே தவிர, தடுக்க உதவவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 1980க்குப் பிறகு அந்நிறுவனம் எதை விற்றுப் பிழைத்தது? இசட்80 இப்போதும் கிடைக்கிறதா?

மறுமொழி 3

பெயர் வாங்காத சில்லுகளை விற்றுத்தான். இசட்8 என்னும் நுண்கட்டுப்படுத்தி (கருவிகளை இயக்கும், ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) வீட்டுக் கருவிகளுக்குள்ளும் தொழிற்கருவிகளுக்குள்ளும் சென்றது. 8530 என்னும் தொடர்நிலைத் தகவல் தொடர்புச் சில்லு 1984இன் மெக்கின்டாஷ் கணினியில் வெளிக்கருவிகளை இணைக்கும் இரண்டு தொடர்நிலை இணைப்பு வாய்களையும் நடத்தியது. பின்னர் நிறுவனம் பலமுறை கைமாறி, 2010இல் ஐக்சிஸிடமும், அந்நிறுவனம் வாங்கப்பட்டபோது 2018இல் லிட்டெல்ஃபியூஸிடமும் போய்ச் சேர்ந்தது.

இசட்80இன் தனிச் சில்லு வடிவமான இசட்84சி00 வகைக்கு 2024 ஜூன் மாதத்தோடு ஆர்டர் பெறுவது முடிந்துவிட்டது. மீதமிருக்கும் கையிருப்பை வாங்குவதானால் இந்த சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லு நுட்பம்) வகையையே தேடுங்கள். கடிகாரத் துடிப்பை முழுவதும் நிறுத்தினாலும் பதிவகங்களில் உள்ளது அழியாது என்பதால், அதிர்வு நீக்கிய (ஒருமுறை அழுத்தினால் ஒரே துடிப்பு மட்டும் தரும்) ஒரு பொத்தானை அழுத்தி ஒவ்வொரு துடிப்பாகச் செலுத்திப் பார்க்கலாம். முந்தைய நுட்பத்தில் செய்யப்பட்ட பழைய என்மாஸ் வகை அதற்கு ஒத்துவராது. எட்டுத் தரவுக் கம்பிகளையும் மின்தடைகள் வழியாகத் தரையோடு இணைத்தால், செயலி எங்கு படித்தாலும் சுழியமே கிடைக்கும்; சுழியம் என்பது ஒன்றும் செய்யாத கட்டளை, ஆகவே முகவரி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போவதை எல்இடிகளில் காணலாம். இடையிடையே மேல் பிட்டுகள் அணைந்து வேறோர் எண் தோன்றினால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட ஆர் பதிவகம்தான் அது. இசட்80 நிரல்களை ஓட்டக்கூடிய இஇசட்80 இன்னும் தயாரிப்பில் உள்ளது. ஆனால் அது 3.3 வோல்ட்டில் இயங்குவது, பின் அமைப்பும் வேறு, எனவே பழைய பலகையின் சாக்கெட்டில் அதைப் பொருத்த இயலாது.