ஹாலிவுட் நடன ஜோடி ஃபிரெட் அஸ்டேர்–ஜிஞ்சர் ராஜர்ஸ் படங்கள்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி

வெண்திரை:
'டாப் ஹேட்' (1935) பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் கதையைச் சொல்லவில்லை. 'சீக் டு சீக்' பாட்டில் ஜிஞ்சர் ராஜர்ஸ் பின்பக்கமாக வளைந்து சாயும்போது, வெள்ளையாக ஏதோ ஒன்று திரையில் மிதந்து இறங்கியது. படச்சுருளில் தூசி என்று பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையசைத்தார். அப்பா மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான், அது ஜிஞ்சரின் வெள்ளை உடையிலிருந்து உதிர்ந்த தீக்கோழி இறகு என்றும், படப்பிடிப்பில் இறகுகள் பறந்து வந்து கோட்டில் ஒட்டிக்கொண்டதால் ஃபிரெட் அஸ்டேர் பொறுமை இழந்தார் என்றும் படித்தேன். தவறாகச் சொன்னதை அப்பாவிடம் திருத்திச் சொல்ல முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

நள்ளிரவு வாசகி:
ஒரு திருத்தம். அந்த உடை வெள்ளை அன்று, நீலம். கறுப்பு-வெள்ளைப் படம் என்பதால் நமக்கு அப்படித் தெரிகிறது. அதை அணிந்தே தீருவேன் என்று ஜிஞ்சர் உறுதியாக நின்றார். அதன் பிறகு அஸ்டேர் அவரை 'இறகுகள்' என்றே செல்லமாக அழைத்தார்.

எனக்கு 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் 'நெவர் கோனா டான்ஸ்'. பிரியப்போகும் இருவர் ஆளற்ற நடனக்கூடத்தில் முதலில் வெறுமனே நடக்கிறார்கள்; எந்த அடியில் நடை நடனமாகிறது என்று எத்தனை முறை பார்த்தும் என்னால் பிடிக்க முடியவில்லை. அந்தக் காட்சியை நாற்பதுக்கும் மேற்பட்ட முறை எடுத்ததில் ஜிஞ்சரின் பாதங்களிலிருந்து இரத்தம் கசிந்தது என்பதை அறிந்த பின்னர், மாடிப்படியில் அவர் சுழலும்போது என் பார்வை காலணிகளை விட்டு நகர்வதில்லை.

மூன்றாம் வரிசை:
'ஸ்விங் டைம்' படத்தைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்வதாக, அதே படத்தில் அஸ்டேர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகிறார். அந்த இடத்தில் என் மகள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். நீங்கள் புகழும் காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதைப் பார்க்க அவள் திரும்பவே இல்லை. அவளை அழைக்க எனக்கும் வாய் வரவில்லை.

தாளக்கட்டை:
நான் முதலில் பார்த்தது பிற்காலத்தில் வண்ணம் ஏற்றப்பட்ட ஒரு பிரதி, பாதியில் நிறுத்திவிட்டேன். ஆகவே புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்ணமேற்றிய பிரதிகளைத் தொடாதீர்கள். கைபேசியிலும் பார்க்காதீர்கள்: தலை முதல் கால் வரை முழு உடலும் தெரிய வேண்டும், வெட்டுகள் குறைவாக இருக்க வேண்டும் என்று அஸ்டேர் பிடிவாதமாக இருந்ததால், சிறு திரையில் பாதங்கள் புள்ளிகளாகிவிடும். 'டாப் ஹேட்' படத்தின் மழைக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். பூங்காவின் இசை மண்டபத்தில் இருவரும் ஒதுங்குகிறார்கள். அஸ்டேர் பாட, ஜிஞ்சர் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். பிறகு எழுந்து, குதிரையேற்ற உடையிலேயே, அவருடைய அடிகளை அப்படியே திருப்பி ஆடிக் காட்டுகிறார். சீண்டலாகத் தொடங்கியது இடிமுழக்கத்துக்குப் பின் வேகம் பிடிக்கிறது. முடிவில் முத்தம் இல்லை. மண்டபத்தின் விளிம்பில் அமர்ந்து கைகுலுக்கிக்கொள்கிறார்கள். காதலைச் சொல்லும் வேலை முழுவதையும் நடனமே செய்துவிடுகிறது. நடுவில் வரும் ஆள்மாறாட்டக் குழப்பங்களை ஓட்டிவிடாதீர்கள். அந்தக் கோபதாபம் இல்லாவிட்டால் அடுத்த நடனத்துக்குப் பொருளே இல்லை.

வெண்திரை:
நீலம் என்பதை இன்றுதான் அறிகிறேன், நன்றி. நேற்றிரவு அந்தப் பாட்டை மறுபடியும் போட்டு, இறகு இறங்கும் இடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசை, உங்கள் மகள் சம்மதித்தால் மழை மண்டபக் காட்சியை மட்டும் அவளுக்குக் காட்டிப் பாருங்கள்.