சாயத்தை மாற்றியது யார், உப்பை நிறுத்தியது யார்? திருப்பூர் அனுபவங்கள்

முன்னாள் ஆய்வகப் பணியாளர்:

1990களின் நடுவில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புற்றுநோயை உண்டாக்கும் அமின்கள் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடக்கூடிய அசோ வகைச் சாயங்களுக்கு ஜெர்மனி 1994இல் தடை விதித்திருந்ததால், ஏற்றுமதிக்குச் சரக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு சாயத்துக்கும் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் இல்லாத சரக்கு கப்பல் ஏறாது என்று தெரிந்ததும், எங்கள் முதலாளி பழைய சாய டப்பாக்களை ஒரே வாரத்தில் அப்புறப்படுத்தினார். அதே பட்டறையின் உப்புக் கழிவுநீர் மட்டும் வழக்கம்போல வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. பருத்தியில், நூலோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். ஆனால் அது துணியில் தங்காமல் தண்ணீரோடு போய்விடும். துணியில் தங்காத ஒன்றைப் பற்றி எந்த பையரும் எங்களிடம் கேட்டதில்லை.

நொய்யல் கரை விவசாயி:

ஐயா குறிப்பிடும் அந்த உப்பு எங்கள் வயலுக்குத்தான் வந்தது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போக, தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடிய கூத்தும் நடந்தது. எங்கள் தென்னைகள் குரும்பையிலேயே உதிர்ந்தன. ஆற்றுப் பாசன நிலக்காரர்களான ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளிலிருந்து கழிவுநீரே வெளியேறக் கூடாது என்று கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா முதல் 10 பைசா வரை அபராதமும் போட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்படியும் வாய்க்கால் நிறம் மாறவில்லை. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்து, மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் மாறியது. அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம், கரண்ட் இல்லாமல் மெஷினை ஓட்ட முடியாதல்லவா?

பொதுச் சுத்திகரிப்பு நிலைய ஊழியர்:

இருவர் சொல்வதும் சரி. மூடலுக்குப் பிறகு அரசின் வட்டியில்லாக் கடனும் கிடைத்ததால் எங்கள் நிலையம் மீண்டும் ஓடியது. உப்பைத் தடுத்து நீரை மட்டும் கடத்தும் ஆர்.ஓ. சவ்வு பெருமளவு நீரைத் திருப்பித் தந்துவிடும். மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கியில் காய்ச்சுவதுதான் நிலையத்தின் உறுப்பினர்களான பட்டறைகளின் பணத்தைத் தின்றது. அந்தச் செலவைக் குறைக்க வழி தேடியபோதுதான், உப்புநீரைத் தெளியவைத்து அப்படியே சாயமேற்றலுக்கு அனுப்பலாம், சாயமேற்ற உதவும் உப்பான சோடியம் சல்பேட்டைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதெல்லாம் நடைமுறைக்கு வந்தது. லாரித் தண்ணீருக்கும் உப்புக்கும் கொடுத்த பணம் மிச்சமானதும், முன்பு எங்களைத் திட்டிய முதலாளிகளே மீட்டரைப் பார்க்க நேரில் வந்தார்கள். மழை இரவுகளில் கழிவுநீரைத் திறந்துவிடும் சிலர் இன்னமும் இருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பல உப்புகள் கலந்து எதற்கும் உதவாமல் போன கலப்பு உப்பு மட்டும் கொட்டகையில் மூட்டைகளாக ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு விலையும் இல்லை, இதுவரை எங்களுக்கு யாரும் கெடுவும் வைக்கவில்லை.