கூடைப்பந்தில் விங்கில் நின்று பந்து வாங்கவே முடியவில்லை, டிஃபெண்டரைக் கழற்றுவது எப்படி?

கல்லூரி அணியில் வலது விங் (பக்கவாட்டில் ஆடுபவன்). டிஃபெண்டர் எனக்கும் பந்தைக் கொண்டுவரும் எங்கள் பாயிண்ட் கார்டுக்கும் நடுவில் கையை நீட்டி மறிக்கிறான். நிற்காமல் ஓடியும் பாஸ் வருவதில்லை. வந்தால் 3 பாயிண்ட் கோட்டுக்கு ரொம்ப வெளியே வருகிறது. வி கட்டும் (உள்ளே போய் V வடிவில் வெளியே திரும்பும் ஓட்டம்) போட்டுப் பார்த்தாயிற்று.

பதில்:
ஒரே வேகத்தில் ஓடுவதுதான் கோளாறு. கூடையை நோக்கி மூன்று நாலு அடி எடுத்து வைத்து மெதுவாகப் போங்கள். அவனும் கூடவே இறங்குவான். கூடைப் பக்கத்துக் காலை ஊன்றி வெளியே பாயுங்கள், இங்கேதான் முழு வேகம். அவனுக்கு எட்டாத கையை நீட்டிக் காட்டுங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக, 3 பாயிண்ட் கோட்டை ஒட்டி வாங்கினால் போதும்.

நேரமும் முக்கியம். கார்டு பந்தைத் தரையில் தட்டுவதை (டிரிபிள்) முடித்துக் கையில் எடுக்கும்போது நீங்கள் வெளியே பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். முன்னாலேயே வந்து காத்திருந்தால் அவன் திரும்ப ஒட்டிக்கொள்வான்.

கேட்டவர்:
நான் உள்ளே போனாலும் அவன் இறங்குவதே இல்லை அண்ணா. பாஸ் வரும் வழியிலேயே நிற்கிறான்.

பதில்:
அப்படியானால் அவன் முதுகுக்குப் பின்னால் இடம் காலி தம்பி, பேக்டோர் போங்கள். ஒரு எட்டு வெளியே வந்து கையைக் காட்டுங்கள். அவன் எட்டிப் பாய்ந்ததும் வெளிக்காலை ஊன்றி அவனுக்குப் பின்னால் கூடைக்கு. கார்டு பவுன்ஸ் பாஸ் (தரையில் பட்டு எழும் பாஸ்) போடட்டும். பந்து வராவிட்டால் பெயிண்டில் (கூடைக்கு முன்னால் வரைந்த கட்டம்) நிற்காதீர்கள், அங்கே 3 விநாடிக்கு மேல் நின்றால் விதிமீறல். எதிர் கார்னருக்குப் போய்விடுங்கள்.

இன்னொருவர்:
ஸ்கிரீனையும் (சக வீரர் டிஃபெண்டரின் வழியை மறித்து நிற்பது) சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் போடுபவர் காலூன்றி நிற்கும்வரை பொறுங்கள். அவர் அசைந்து மோதினால் ஃபவுல் அவர்மேல். உங்கள் தோள் அவர் இடுப்பை உரசிப் போக வேண்டும், இடைவெளி விட்டால் டிஃபெண்டர் அதில் நுழைந்துவிடுவான். அவன் பின்னாலேயே துரத்தினால் ஸ்கிரீனைச் சுற்றி வளைந்து கூடைக்கு. குறுக்கு வழியில் ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் போய் மறித்தால் கார்னருக்கு விலகி ஷாட்.

டிவி கேமரா பந்தை விட்டு நகராததால் இதெல்லாம் கண்ணில் படாது. 2016 டிசம்பரில் NBA வீரர் கிளே தாம்சன் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்த ஆட்டத்தில் அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தமே 11 முறை, பெரும்பாலும் இப்படி ஓடி இடம்பிடித்து வாங்கியதுதான்.

கேட்டவர்:
பந்து இடது பக்கம் இருக்கும்போது?

பதில்:
அவன் தலையைப் பாருங்கள். உங்களையும் பந்தையும் ஒருசேரப் பார்க்க முடியாதபடி அவன் தோளுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பந்தைப் பார்க்கத் தலை திரும்பியதும் அவனுக்கு முன்னால் வெட்டிக் கூடைக்குப் போங்கள்.