டெலிகிராம் பாட் ஒன்றில் சில பட்டியல்கள் மட்டும் வருவதில்லை. 2,400 வரி நிரலை எங்கிருந்து பிரிப்பது?

காகிதக்கப்பல்:
வணக்கம். ஈரோட்டில் நாங்கள் ஐம்பது பேர் சேர்ந்து புத்தகம் மாற்றிக்கொள்ளும் டெலிகிராம் குழு ஒன்றை நடத்துகிறோம். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பி வரவேண்டும் என்பதையெல்லாம் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) பார்த்துக்கொள்கிறது. அதை எழுதிய அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எல்லாம் ஒரே பைதான் கோப்பு. பைதான்-டெலிகிராம்-பாட் லைப்ரரியின் 13ஆம் பதிப்பு, தரவுத்தளம் எஸ்கியூலைட். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. பாட்டை இயக்கும் ரகசியச் சாவியான டோக்கன் கோப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டிலும் ஏறியிருக்கிறது.

நாவல் பட்டியல் கேட்டால் பொத்தான்களோடு வருகிறது. கட்டுரைப் பட்டியல் கேட்டால் ஒன்றுமே வருவதில்லை. லாகில் (பதிவேட்டில்) 'பட்டன் டேட்டா இன்வேலிட்' என்று இருக்கிறது. நடுவில் 409 கான்ஃப்ளிக்ட் என்றும் வருகிறது. நான் மாற்றிவிட்ட வரவேற்புச் செய்தி சில நேரம் பழைய வாசகத்திலேயே போகிறது, பேய் பிடித்த மாதிரி. புதிய சர்வரில் பைதான் 3.13 போட்டபோது ஐஎம்ஜிஹெச்டிஆர் மாட்யூல் இல்லை என்று பாட் கிளம்பவே இல்லை. 3.11க்கு இறங்கியதும் ஓடுகிறது.

இந்த சனி, ஞாயிறில் எல்லாவற்றையும் 20ஆம் பதிப்பில் புதிதாக எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். சரிதானா?

மின்மினி:
கட்டுரைப் பட்டியலில் உள்ள தலைப்புகள் தமிழிலும், நாவல் தலைப்புகள் ஆங்கில எழுத்திலும் இருக்கின்றனவா? பொத்தானுக்குள் ஒளிந்து போகும் தரவில் புத்தகத்தின் எண் இருக்கிறதா, தலைப்பே இருக்கிறதா?

காகிதக்கப்பல்:
அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! நாவல்களை ஆரம்பத்தில் அண்ணன் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார். கட்டுரை நூல்களை இந்த வருடம் நாங்கள் தமிழில் ஏற்றினோம். பொத்தானில் தலைப்புதான் போகிறது, அதற்கு முன்னால் 7 ஆங்கில எழுத்தில் ஒரு குறி.

மின்மினி:
அப்படியானால் அதுதான். பொத்தானுக்குள் போகும் அந்தத் தரவுக்கு (கால்பேக் டேட்டா) டெலிகிராம் தரும் இடம் 64 பைட். எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'சிறுகதைகள்' கண்ணுக்கு 6 எழுத்து. ஆனால் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் உள்ளே 10 குறி, 30 பைட். உங்கள் முன்குறிக்கு 7 போனால் மீதி 57, அதாவது 19 தமிழ்க் குறிகள். கட்டுரை நூல்களின் தலைப்புகள் நீளமானவை. ஒரு பொத்தான் அளவை மீறினாலும் டெலிகிராம் அந்தச் செய்தியையே திருப்பிவிடும். பட்டியல் முழுவதும் காணாமல் போனது அதனால்தான்.

தலைப்புக்குப் பதில் தரவுத்தளத்தில் உள்ள புத்தக எண்ணை அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: குழுவில் ஏற்கெனவே போன செய்திகளின் பொத்தான்கள் அப்படியேதான் இருக்கும். போன மாதச் செய்தியை யாராவது மேலே தள்ளிப் பார்த்து அழுத்தினால் பழைய தலைப்புத் தரவுதான் வரும். அதனால் பழைய வடிவத்தைப் படிக்கும் பகுதியை உடனே அழிக்காதீர்கள். எண் வந்தால் ஒரு வழி, தலைப்பு வந்தால் 'பட்டியலை மறுபடி கேளுங்கள்' என்று ஒரு பதில். இரண்டிலும் பொத்தான் அழுத்தலுக்கு (கால்பேக்) ஆன்சர் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பொத்தான் சுற்றிக்கொண்டே நிற்கும்.

பழைய_சைக்கிள்:
தம்பி, பேய்க்கு நான் பதில் சொல்கிறேன். 409 என்றால் அதே டோக்கனை வைத்துக்கொண்டு இன்னொரு இடத்திலும் பாட் ஓடுகிறது, இரண்டும் போலிங் செய்கின்றன, அதாவது புதிய செய்தி உண்டா என்று டெலிகிராமிடம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். செய்தி யார் கையில் சிக்குகிறதோ அவர் பதில் சொல்கிறார். பழைய வாசகம் அங்கிருந்துதான் வருகிறது. தேடி அலைய வேண்டாம். பாட்களுக்கு டோக்கன் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் போய் டோக்கனை ரத்து செய்து புதியது வாங்குங்கள், பழையது தானாக வாயை மூடும். கிட்டில் ஏறிய டோக்கனை எப்படியும் மாற்றியே ஆகவேண்டும். புதியதை நிரலுக்கு வெளியே, என்விரான்மென்ட் மாறியில் வையுங்கள்.

சனி, ஞாயிறில் திருப்பி எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 ஜனவரியில் வந்த 20ஆம் பதிப்பு முழுக்க அசிங்க்ஐஓ, அதாவது ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே மற்ற வேலையைப் பார்க்கும் முறை. வரும் செய்திகளைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் எல்லாம் அசிங்க் ஆகவேண்டும், அனுப்பும் இடமெல்லாம் அவெய்ட் வேண்டும். ஓர் இடத்தில் அவெய்ட் விட்டுப்போனால் பிழை எறியாது, லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டுச் செய்தி போகாமல் இருக்கும். நிரலைப் பிரிப்பதையும் பதிப்பு ஏற்றுவதையும் சேர்த்துச் செய்தால், உடைந்தது எதனால் என்றே தெரியாது. இப்போதைக்கு 13ஐயும் பைதான் 3.11ஐயும் பூட்டி வையுங்கள். ஐஎம்ஜிஹெச்டிஆர் 3.13இல் நீக்கப்பட்ட மாட்யூல், 13ஆம் பதிப்பு அதை நம்பியிருக்கிறது.

அப்புறம் ஒரு ஹேண்ட்லரை மட்டும் எடுங்கள். 'புத்தகம் எடு' என்பதையே எடுக்கலாம். அதற்குள் செய்தியைப் பிரிப்பது, தரவுத்தளம், பதில் வாசகம் மூன்றும் பின்னிக் கிடக்கும். நடு வேலையை டெலிகிராமே தெரியாத ஒரு ஃபங்ஷனாக வெளியே இழுங்கள்: உள்ளே ஆள் எண், புத்தக எண், தேதி, வெளியே முடிவு. அதற்கு பைதானின் சோதனைக் கருவியான பைடெஸ்டில் நாலு டெஸ்ட். இப்போது பாட் தப்பாகச் செய்வதையும் அப்படியே டெஸ்டில் எழுதிவிடுங்கள், திருத்தம் கிட்டில் தனி கமிட். நான் ஒருமுறை போகிற போக்கில் ஒரு 'தப்பை'த் திருத்தினேன். குழுவில் பாதிப் பேர் அதை நம்பித்தான் தவணை நீட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது!

இப்படி எல்லா ஹேண்ட்லரும் மெலிந்த பிறகு 20க்குப் போனால், மாற்றவேண்டியது மேல்தோல் மட்டும்தான்.

செம்பருத்தி:
தேடல் பகுதியையும் பார்த்துவிடுங்கள். எழுத்து வடிவங்களைத் தேடும் பைதானின் வழக்கமான ஆர்இ மாட்யூலில் 'சொல் எழுத்து' குறியீடு தமிழ்க் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கிடாது. 'வணக்கம்' என்பதை 'வணக', 'கம' என்று வெட்டிப்போடும். தனியாக நிறுவும் ரெஜெக்ஸ் மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை. 'கொ'வின் கொம்பை ஒரே குறியாக அடிப்பவரும் உண்டு, இரண்டாக அடிப்பவரும் உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் அது தீரும். ஆனால் 'கௌ'வின் பின்பாதிக்கு ளகரம் அடிப்பதை என்எஃப்சி திருத்தாது. அதற்காக மொத்தமாக ரீப்ளேஸ் போட்டுவிடாதீர்கள், 'தெளிவு' எல்லாம் சிதறிவிடும்.

காகிதக்கப்பல்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். புத்தக எண்ணை அனுப்பியதும் கட்டுரைப் பட்டியல் வந்துவிட்டது. 'புத்தகம் எடு' வெளியே வந்தாயிற்று, டெஸ்ட் ஆறு. தேடலில் இன்னும் கைவைக்கவில்லை.

டோக்கனை மாற்றிய அன்று ராத்திரியே அண்ணன் போன் செய்தார். வீட்டில் மேசைக்கு அடியில் இருக்கிற ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி) திடீரென்று 401 (அனுமதி இல்லை) என்று கத்துகிறதாம், ஏன் என்று கேட்டார்.