கோமாளி மீன் தொட்டி: கடற்சாமந்தி சுருங்குது, ஏன்?

கேள்வி (கிளிநொச்சி): 100 லீற்றர் தொட்டி, தொடங்கி 3 கிழமை. கிளார்க்கி இனக் கோமாளி மீன் இரண்டு, கடற்சாமந்தி (பூப்போல இருக்கிற கடல் உயிர்) ஒண்டு. தண்ணி முல்லைத்தீவுக் கரையில மழைக்குப் பிறகு அள்ளினது. சாமந்தி சுருங்கி வாயைப் பிளந்து கிடக்குது. மீன் ரெண்டும் கொத்துப்படுது.

பதில் 1: தம்பி, 3 கிழமைத் தொட்டியில சாமந்தி நிக்காது. அமோனியாவை மாத்திற பற்றீரியா பிடிக்கவே 4–6 கிழமை வேணும். சாமந்திக்கு ஆறு மாசம் ஓடின தொட்டிதான் நல்லம். வாய் மூடாமல் நாறினா உடனே தூக்குங்கோ. அழுகினா ஒரு இரவிலேயே மீனும் போயிடும். பம்ப் உறிஞ்சிற வாயில பஞ்சு கட்டியிருக்கோ? இல்லாட்டி சாமந்தி ஊர்ந்து போய் அதில அரைபடும்.

பதில் 2: அந்தத் தண்ணியிலதான் எனக்குச் சந்தேகம். மாரியில களப்பு முகத்துக்குக் கிட்ட உப்புக் குறைவு. அடர்த்தி 1.025 வரவேணும், அளந்து பாருங்கோ. குறைஞ்சா மீன்தொட்டிக் கடலுப்பை வேற வாளியில கரைச்சு, ரெண்டு மூண்டு நாளில மெல்ல ஏத்துங்கோ. கறியுப்பு வேண்டாம். வத்தின அளவுக்கு ஆர்.ஓ. நன்னீர் (சவ்வு வடியில சுத்தமாக்கின தண்ணி) மட்டும் விடுங்கோ, ஏனெண்டால் உப்பு ஆவியாகிறேல்லை. கிணத்துத் தண்ணி எங்கட பக்கம் கல்லுத் தண்ணி, அதை விடாதேங்கோ. மீன் நோய்க்கு விடுற செம்பு மருந்து சாமந்திக்கு நஞ்சு.

பதில் 3: கொத்துப்படுறது ஒரே அளவு மீன் எண்டதால. எல்லாம் ஆணாத்தான் தொடங்கும், பெரிசு பெண்ணாகும். ஒண்டு சின்னனா வாங்கியிருக்கலாம். சாமந்தி இல்லாமலும் தொட்டியில இதுகள் வாழும். கடலிலதான் அது கட்டாயம்.